கல்கரியில் போஞ்சி நடப்போகும் பிள்ளைகளுக்கு

இந்த நகரத்துக்குப் புதிதாக வந்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் கிடைத்ததும் முதலில் போஞ்சி போடத்தான் எல்லாருக்கும் ஆசை வரும். நல்ல ஆசை. கல்கரியில் போஞ்சி நன்றாகவே காய்க்கும். ஆனால் மே கடைசிவரை உறைபனி விழலாம், செப்டம்பர் நடுவில் அது திரும்பி வந்துவிடும். இடையில் கிடைப்பது சுமார் 115 நாள். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர் என்பதால் ஜூலை இரவுகளிலும் 10 பாகை அளவுக்குக் குளிரும். இதற்குள் காய்த்து முடிக்கிற இனத்தைத் தெரிவு செய்யுங்கள், மண் சூடாகும்வரை பொறுத்திருங்கள். இந்த இரண்டையும் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது.

1. ஊர் விதையை நம்பி ஒரு கோடையைத் தொலைக்காதீர்கள். அவரையும் சிறகவரையும் இங்கே பந்தல் நிறையப் படரும், பூக்காது. தண்ணீரோ பசளையோ காணாததால் அல்ல. நம்முடைய நாட்டு அவரை இனங்களில் பெரும்பாலானவை பகல் குறுகினால்தான் பூவெடுக்கும். யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலே 13 மணியைத் தொடாது. இங்கே ஜூன் மாதத்தில் பகல் 16 மணிக்கும் மேல். பகல் குறுகிப் பூ எட்டிப்பார்க்கிற நேரத்தில் உறைபனி வந்து கொடியைக் கருக்கிவிடும். பயித்தங்காய்க்கு வெப்பம் போதாது. கண்ணாடிக்கூடு வைத்திருப்பவர்கள் மட்டும் முயலுங்கள். மனம் கேட்காதுதான், எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் வருடம் வேண்டாம்.

2. செடிப் போஞ்சியில் தொடங்குங்கள். 'புரொவைடர்' என்ற இனம் 1965 முதல் விற்பனையில் இருக்கிறது. ஏறக்குறைய 50 நாளில் காய்க்கும், கொஞ்சம் குளிர்ந்த மண்ணிலும் முளைக்கும். 'றோயல் பேர்கண்டி' ஊதாக் காய் காய்க்கும், அதுவும் குளிரைத் தாங்கி முளைக்கும். சட்டியில் போட்டதும் பச்சையாகிவிடும், பிள்ளைகளுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். கொடிப் போஞ்சி பத்துப் பதினைந்து நாள் பிந்தும். தடி நட்டுக் கொடி ஏற்றித்தான் ஆகவேண்டும் என்றால் சிவப்புப் பூப் பூக்கிற 'ஸ்கார்லெற் றன்னர்' போடுங்கள். குளிர்ந்த கோடையில் மற்றக் கொடிகள் தயங்கும்போது அது காய்த்துக்கொண்டிருக்கும். அதன் பருப்பிலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுவதால், இளங்குருத்து கருகினாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்க வாய்ப்பு உண்டு.

3. நாட்காட்டியைப் பார்த்து நடவேண்டாம், மண்ணைப் பாருங்கள். மே மாதத்தில் வரும் விக்ரோறியா நாள் நீண்ட வார இறுதியில் எல்லாரும் கடைக்கு ஓடுவார்கள். தக்காளிக் கன்று வாங்குகிறவர்கள் வாங்கட்டும். நீங்கள் சமையலறை வெப்பமானி ஒன்றை எடுத்து, காலையில், 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் குத்திப் பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து 15 பாகைக்குக் குறையாமல் இருந்தால் விதைக்கலாம். பெரும்பாலும் அது மே கடைசியாக, சில வருடம் ஜூன் முதல் வாரமாக இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், காய்ந்த விதை முதல் சில மணி நேரத்தில் குடிக்கிற தண்ணீர்தான் அதன் விதியை முடிவு செய்கிறது. அந்தத் தண்ணீர் குளிராக இருந்தால் விதையின் உள்ளே கலங்களின் சவ்வு சிதைந்துவிடும். பிறகு எவ்வளவு வெயில் வந்தாலும் அழுகலோ ஊனமான முளையோதான் மிஞ்சும். மே 10இல் நட்டவரின் பாத்தி வெறுமையாகக் கிடக்க, ஜூன் 1இல் நட்டவர் ஓகஸ்ட் தொடக்கத்தில் காய் பறிப்பதற்கு இதுதான் காரணம்.

மண்ணைச் சூடாக்க வழி இருக்கிறது. மே தொடக்கத்திலேயே பாத்தியின் மேல் கறுப்புப் பொலித்தீன் விரித்து, ஓரங்களைக் கல்லால் அமுக்கிவிடுங்கள். உயர்த்திய பாத்தி, தெற்குப் பார்த்த சுவரடி என்றால் இன்னும் நல்லது. குழாய்த் தண்ணீர் போ, எல்போ ஆறுகளிலிருந்து வருகிறது. மலையில் பனி உருகி வருகிற தண்ணீர் அது. ஒரு பீப்பாவில் பிடித்து, பகல் முழுக்க வெயிலில் வைத்த பிறகு ஊற்றுங்கள்.

4. விதையை இரண்டரை சென்ரிமீற்றருக்கு மேல் ஆழமாகப் புதைக்காதீர்கள். இங்கே களிமண் அதிகம், காய்ந்தால் மேல்பட்டை இறுகிவிடும். முளை கழுத்தை வளைத்து மண்ணை முட்டி, பிறகுதான் பருப்பிலைகளை மேலே இழுக்கும். பட்டை இறுகியிருந்தால் அந்தக் கழுத்து அறுந்து, தலையில்லாத தண்டு மட்டும் வெளியே வரும். விதைத்த வரிசையின் மேல் மெல்லியதாகக் கொம்போஸ்ற் தூவினால் இந்தச் சிக்கல் இல்லை.

5. தழைப்பசளையை அள்ளிப் போடவேண்டாம். இலைதான் வரும், காய் பிந்தும். இங்கே பிந்துவதும் இழப்பதும் ஒன்றுதான். முதல் முறை போஞ்சி காணும் நிலமென்றால் விதையில் றைசோபியம் என்ற நுண்ணுயிர்த் தூளைப் பிரட்டி நடுங்கள், தழைச்சத்தை வேரே தேடிக்கொள்ளும்.

6. ஆலங்கட்டியை மறக்காதீர்கள். 2020 ஜூன் 13 அன்று வடகிழக்குக் கல்கரியில் விழுந்த கட்டிகள் வீட்டு வெளிச்சுவர்த் தகடுகளையே துளைத்தன. பாத்தியின் மேல் வளைகம்பி நட்டு, வலையைத் தயாராகச் சுருட்டி வையுங்கள். அதே கம்பி செப்டம்பரிலும் உதவும். மேகமும் காற்றும் இல்லாத இரவுதான் ஆபத்தானது. அன்று மாலை வெயில் இறங்குமுன் பழைய படுக்கை விரிப்பால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். முதல் உறைபனிக்குப் பிறகு பல வருடம் இதமான வெயில் திரும்பி வரும். அந்த நாட்களும் உங்களுக்குச் சேரும்.

7. இலை ஈரமாக இருக்கும்போது செடிக்குள் கை வைக்காதீர்கள், நோய் கையோடு பரவும். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை பறியுங்கள். ஒரு காயை முற்ற விட்டால் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

8. இரண்டாம் வருடத்தில் காய்ந்த பருப்புக்கென்று ஒரு வரிசை ஒதுக்குங்கள். குளிர் சமவெளியில் இது பழைய வித்தை. வட டகோட்டாவில் மிசூரி ஆற்றங்கரையில் ஹிடாட்சா இனப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குறுகிய கோடைக்குள் போஞ்சிப் பருப்பு விளைவித்தார்கள். கொடியைப் பிடுங்கி உலர்த்தி, விரிப்பின் மேல் மிதித்தும் தடியால் அடித்தும் பருப்பைப் பிரித்து, காற்றில் தூற்றினார்கள். அவர்களில் ஒருவரான 'பஃபலோ பேர்ட் வுமன்' சொல்லச் சொல்ல கில்பேர்ட் வில்சன் எழுதிய நூல் 1917இல் வெளிவந்தது. தோட்டம் செய்கிறவர்கள் அதைத் தேடிப் படிக்கவேண்டும். நீங்கள் உறைபனிக்கு முன் செடியை வேரோடு பிடுங்கி, கராஜில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலே போதும். விதைக்கு எடுப்பதானால், முதலில் காய்த்த செடிக்கு ஒரு நூல் கட்டி, அதன் காய்களைச் சாப்பிடாமல் விட்டுவிடுங்கள்.

9. காய்ந்த பருப்பை ஒரு இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். அரைவேக்காட்டில் வயிற்றைப் புரட்டுகிற நச்சு அதில் இருக்கிறது, சிவப்புப் போஞ்சிப் பருப்பில் இன்னும் அதிகம். மின்சார மெதுவேகச் சட்டியில் பச்சையாகப் போடாதீர்கள், அந்தச் சூடு நச்சை அழிக்கப் போதாது.