எத்தனை டன் ஏற்றலாம்?

என்னிடம் இரண்டு ஆக்சில் பழைய லாரி இருக்கிறது. ஆர்.சி.யில் 16.2 டன். இப்போது 18.5 டன் வரை போகலாமாமே? போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு உரம் ஏற்றுகிறேன்.
— வாசகர், சாந்தன்பாறை

உங்கள் லாரிக்கு 16.2 டன்தான். 2018 ஜூலையில் மத்திய அரசு வரம்பை 18.5 டன்னாக உயர்த்தியது உண்மை. ஆனால், மோட்டார் வாகனச் சட்டம் 113-ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் பதிவான எடையைத் தாண்டி ஓட்டக்கூடாது.

அந்த 16.2 டன் சரக்கின் எடை மட்டுமல்ல, வண்டியும் சேர்ந்தது. வெற்று வண்டி 6 டன் என்றால் மிச்சம் 10.2 டன். ஓட்டுநர், கிளீனர் எடையும் அதற்குள் அடக்கம் என்பதால் 50 கிலோ மூட்டை 200-உடன் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியின் வெற்று எடையும் ஆர்.சி.யிலேயே இருக்கிறது, பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

மீறினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. அதிகச் சரக்கை அங்கேயே இறக்க வேண்டும், இறக்குக் கூலியும் உங்களுடையதே. ஏற்ற அனுமதித்த உரிமையாளரும் தப்ப முடியாது.

போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். பழைய வண்டியின் பிரேக்கும் ஆக்சிலும் 16.2 டன்னுக்குத் தயாரானவை. மிச்ச மூட்டைகளுக்கு இன்னொரு நடை போடுங்கள். கிளம்பும் முன் போடியிலேயே எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.