சார்ஜருக்குள் இருக்கும் இடைவெளி

உள்நோயாளியாகச் சேர வருபவரின் பையில் மாற்றுத்துணியும் மருந்துச் சீட்டுகளும் தவறாமல் இருக்கும். கைப்பேசி சார்ஜர்தான் பெரும்பாலும் வீட்டிலேயே தங்கிவிடும். உடனிருப்பவர் விழுப்புரம் சாலைக்குச் சென்று, கண்ணில் பட்ட கடையில் ஒன்றை வாங்கிவந்து, கட்டிலின் தலைமாட்டிலுள்ள பிளக்கில் செருகிவிடுகிறார். ரெட்டியார்பாளையத்தில் நாம் அடிக்கடி காணும் காட்சி இது. அந்தச் சிறு பெட்டிக்குள் நிகழ்வதை அறிந்தவர் அதை வாங்கும்போது சற்றே தயங்குவார்.

சுவரில் வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். கைப்பேசிக்கு வேண்டியதோ பொதுவாக 5 வோல்ட் நேர்திசை மின்சாரம். சார்ஜர் முதலில் சுவர் மின்சாரத்தை நேர்திசையாக்குகிறது. அப்போது உள்ளிருக்கும் மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும். பின்னர் ஒரு மின்னணு ஸ்விட்ச் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து, விரல்நுனி அளவேயான மின்மாற்றிக்கு அனுப்புகிறது. இந்த வேகத்தினால்தான், பழைய வானொலிப் பெட்டிக்கு வாங்கிய கனமான பேட்டரி எலிமினேட்டரின் வேலையை இன்று உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி செய்துவிடுகிறது.

அம்மின்மாற்றியில் இரண்டு கம்பிச் சுற்றுகள் உண்டு. ஒன்று சுவர் மின்சாரத்தைச் சேர்ந்தது. மற்றொன்று நம் கையிலுள்ள கைப்பேசியைச் சேர்ந்தது. இரண்டும் தொட்டுக்கொள்வதில்லை; காந்தப்புலத்தின் வழியாகவே ஆற்றல் கடக்கிறது. பெரும்பாலான சார்ஜர்களில் எர்த் இணைப்பு இல்லை. ஆகவே நமக்குக் காவல் இந்தப் பிரிவு ஒன்றே. முறையாகச் செய்யப்பட்ட சார்ஜரில் இரு சுற்றுகளுக்கும் நடுவே காப்பு நாடா பல அடுக்குகளாகச் சுற்றப்பட்டிருக்கும். சர்க்யூட் பலகையிலும் இரு பகுதிகளுக்கிடையே 5 மில்லிமீட்டர் அளவிலோ அதற்கு மேலோ இடைவெளி விடப்பட்டிருக்கும்; சிலர் பலகையையே அவ்விடத்தில் பிளந்துவிடுவர்.

மலிவுச் சரக்கில் விலை குறைவது இங்கேதான். நாடா ஓரடுக்காகிறது; இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்குகிறது; ஃபியூஸ் காணாமற்போகிறது. ஆயினும் கைப்பேசி ஒழுங்காகவே சார்ஜ் ஆகும். அதனால்தான் எவரும் ஐயுறுவதில்லை. அமெரிக்காவின் யு.எல். பரிசோதனை நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஐபோன் சார்ஜரின் போலிகள் 400 சோதிக்கப்பட்டன. தேறியவை மூன்றே. தேறாதவற்றுள் 12, உயிர் போக்கும் மின்னதிர்ச்சி தரக்கூடிய அளவுக்கு மோசமாக இருந்தன.

நோயாளிக்கு இது ஏன் கூடுதல் கவலை? உலர்ந்த தோல் மின்சாரத்தைப் பெரிதும் தடுக்கிறது. வியர்வையும் ஈரமும் அத்தடையைக் குறைத்துவிடும். இதயத்தை எட்டும் குழாயோ தற்காலிக பேஸ்மேக்கர் கம்பியோ பொருத்தப்பட்டவருக்குத் தோலின் காப்பே இல்லை. கைப்பேசி சார்ஜரில் 0.25 மில்லி ஆம்பியர் வரை கசிவதை வீட்டுக்கான தரம் அனுமதிக்கிறது. நல்ல சார்ஜரில்கூடச் சிலருக்கு உணரப்படும் மெல்லிய சிலிர்ப்பு இதுவே. இதயத்தோடு நேரடியாக இணையும் மருத்துவக் கருவிக்கோ, இயல்பான இயக்கத்தில், எல்லை 0.01 மில்லி ஆம்பியர். ஆகவே அத்தகைய நோயாளி, சார்ஜரில் இணைந்திருக்கும் கைப்பேசியைத் தொடவே கூடாது. மற்றவர்களும் சார்ஜரைக் கழற்றிய பிறகே பேசுவது நல்லது. ஆக்சிஜன் பெறுபவரின் போர்வையிலும் தலையணையிலும் அவ்வாயு தேங்கியிருக்கும். சிறு பொறியும் அங்கே வேகமாகப் பற்றும். தலையணைக்கடியில் சார்ஜ் செய்யும் பழக்கத்தை வீட்டிலும் கைவிட வேண்டும்.

வாங்கும்போது சார்ஜரின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டின் கட்டாயப் பதிவு ஆணையைத் தொடர்ந்து, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவெண்ணும் அதில் இருக்க வேண்டும். முத்திரையை யாரும் அச்சடித்துவிடலாம். எனவே அவ்வமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் எண்ணை இட்டு, வரும் தயாரிப்பாளர் பெயரும் பொருளும் கையிலுள்ளதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஓரிரு நிமிட வேலைதான்.

மேலோடு விரிசல் விட்டதும், தொட முடியாதபடி சுடுவதும், கருகிய வாடை வீசுவதும் உடனே விலக்கத்தக்கவை. அப்படியொன்று வார்டில் இருந்தால் சுவிட்சை அணைத்த பின் பிடுங்கி, செவிலியரிடம் தெரிவியுங்கள். உள்ளே என்னதான் இருக்கிறதென்று நீங்களே திறந்து பார்க்க வேண்டா. பிளக்கிலிருந்து எடுத்த பின்னும் அந்த 325 வோல்ட் மின்தேக்கியில் சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும்.