ஓசூர் பட்டறையில் ஒரு ரோட்டரி ஊஃபர்

20 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கும் பாஸ் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நேராகப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு வண்டியை விடுகிறார்கள். பெரிய ஊஃபர், பெரிய ஆம்ப்ளிஃபயர், நாலு பேர் தூக்க வேண்டிய பெட்டி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். நான் சொல்லும் வழியில் முதலில் லேத் பட்டறை, அடுத்து கொத்தனார், கடைசியில்தான் ஆம்ப்ளிஃபயர் கடை. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு முதல் இரண்டும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. வீட்டில் ரோட்டரி ஊஃபர் செய்து பார்க்க ஓசூரைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியாது.

சாதாரண ஸ்பீக்கரின் சிக்கல் அதன் ஸ்ட்ரோக். திறந்தவெளியில் அதே சத்த அளவு வேண்டுமென்றால், அதிர்வெண் பாதியாகும்போது கோன் நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். 40 ஹெர்ட்ஸிலிருந்து 10 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் பதினாறு மடங்கு. மூடிய அறைக்குள் நிலைமை கொஞ்சம் சாதகம். 5 மீட்டர் நீள அறையில் சுமார் 34 ஹெர்ட்ஸுக்குக் கீழே அலை ஓட இடமில்லை. அறை முழுவதும் ஒரே அழுத்தமாக ஏறி இறங்கும். அங்கே கேள்வி ஒன்றுதான்: எத்தனை லிட்டர் காற்றை உள்ளே தள்ளி வெளியே இழுக்க முடியும்? 60 கன மீட்டர் அறையில் அழுத்தம் 10 பாஸ்கல் ஏறி இறங்க, அதாவது ஏறக்குறைய 111 டெசிபெல் வர, ஓசூரில் சுமார் 4.7 லிட்டர் காற்று வேண்டும். சென்னையில் 4.2 லிட்டர் போதும். நாம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று லேசு, அதற்கான வித்தியாசம் அது. 18 இன்ச் ஊஃபர் ஒன்று 10 மில்லிமீட்டர் நகர்ந்தால் தள்ளுவது ஏறக்குறைய 1.2 லிட்டர்தான். ஆக நான்கு ஊஃபர்கள், அதுவும் அறையில் ஒரு சந்துகூட இல்லாமல் இருந்தால்.

அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் டலஹாசியில் எமினன்ட் டெக்னாலஜி என்ற சிறிய நிறுவனத்தை நடத்தும் புரூஸ் திக்பென் இதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்தார். 2000-களின் நடுவில் டி.ஆர்.டபிள்யூ-17 என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. பார்க்க ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். விசிறி ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். சிக்னல் இல்லாதபோது இறக்கைகள் தட்டையாக நிற்பதால் காற்று எந்தப் பக்கமும் போகாது. சிக்னல் வந்தால் வாய்ஸ் காயில் எல்லா இறக்கைகளையும் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் சாய்க்கும். காற்று அறைக்குள் வரும். சிக்னல் திரும்பினால் மறுபக்கம் சாயும், காற்று வெளியேறும். ஹெலிகாப்டரின் கலெக்டிவ் செய்வதும் இதைத்தான். அவர்கள் சொல்லும் வீச்சு 1 ஹெர்ட்ஸ் முதல் 30 ஹெர்ட்ஸ் வரை.

விசிறிக்கு ஸ்ட்ரோக் கிடையாது, எனக்குப் பிடித்த இடம் அதுதான். 17 இன்ச் வட்டத்தின் வழியாகக் காற்று உச்சத்தில் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 ஹெர்ட்ஸில் அது தள்ளும் அளவு சுமார் 4.6 லிட்டர், 5 ஹெர்ட்ஸில் 9 லிட்டருக்கு மேல். கீழே இறங்க இறங்க ஸ்பீக்கர் திணறும், விசிறிக்கு வேலை எளிதாகும்.

இவ்வளவு ஆழத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். பாட்டு கிடையாது. தவிலிலும் பறையிலும்கூட 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே சொல்லும்படி ஒன்றும் இல்லை. நல்ல பாட்டு கேட்பதற்காக யாரும் இதைச் செய்ய வேண்டாம். இடி இருக்கிறது, வெடி இருக்கிறது, நெடுஞ்சாலையில் லாரி கடக்கும்போது கதவு வாங்கும் அழுத்தம் இருக்கிறது. என்னை இதில் இறக்கியது யானை. ஐப்பசி, கார்த்திகையில் ராகி முற்றும் சமயம் பன்னேர்கட்டா பக்கமிருந்து தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு யானைக் கூட்டம் இறங்குவது எங்கள் பகுதியில் எல்லாருக்கும் தெரியும். 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் உயிரியல் பூங்காவில் ஆய்வாளர் கேட்டி பெய்ன் யானைகளின் அருகே நின்றபோது, காதுக்கு எட்டாத ஏதோ ஒன்று காற்றில் துடிப்பதை உடம்பில் உணர்ந்தார். பதிவு செய்து பார்த்ததில் ஆசிய யானைகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை பேசிக்கொள்வது தெரிந்தது. 1986-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. நம் வயல் ஓரத்தில் நடக்கும் அந்தப் பேச்சை எந்தச் சாதாரணக் கடை ஸ்பீக்கரும் சரியாக எழுப்பாது என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இனி வேலைக்கு வருவோம். வாய்ஸ் காயிலுக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். திருவிழாவுக்கு மைக் செட் போடுகிறவர்களிடம் கோன் கிழிந்த 15 இன்ச் ஸ்பீக்கர்கள் மூலையில் கிடக்கும். காந்தமும் காயிலும் ஸ்பைடரும் நன்றாக இருந்தால் போதும். கோனை வெட்டி எடுத்துவிடலாம். காயில் சுற்றாது, முன்னும் பின்னும் மட்டும் நகரும். விசிறியின் ஹப் சுற்றும். இந்த இரண்டையும் இணைக்கும் பேரிங்தான் மொத்த இயந்திரத்தின் உயிர்.

என் டிராயிங்கைப் பார்த்ததும் டர்னர் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "ப்ளே எவ்வளவு விடட்டும் தம்பி?"

"ப்ளேயே வேண்டாம்ணே."

"ப்ளே இல்லாம எதுவும் சுத்தாது. எங்க வேணும், எங்க வேண்டாம்னு பிரிச்சுச் சொல்லு."

அவர் கேட்டதில் பாதி டிசைன் முடிந்தது. சுற்றும் திசையில் கொஞ்சம் தளர்வு இருந்தால் பரவாயில்லை. அச்சு வாக்கில், அதாவது காயில் தள்ளி இழுக்கும் திசையில், கூடவே கூடாது. இறக்கையைத் திருப்பும் கை 20 மில்லிமீட்டர் நீளம் என்றால், 0.1 மில்லிமீட்டர் ஆட்டம் கிட்டத்தட்ட 0.3 டிகிரி. மொத்தச் சாய்வே பத்து டிகிரிதான். மெல்லிய சிக்னல் முழுவதும் அந்த ஆட்டத்துக்குள்ளேயே செத்துப்போகும், பெரிய சிக்னலில் டிக் டிக் என்று தட்டும். அதனால் இரண்டு ஆங்குலர் காண்டாக்ட் பேரிங்குகளை முதுகோடு முதுகாக வைத்து ப்ரீலோடு கொடுத்தோம். கைகளுக்கு பால் லிங்க் போடாமல் மெல்லிய ஸ்பிரிங் ஸ்டீல் பட்டைகளை வளையவிட்டோம். வளையும் பட்டையில் ஆட்டத்துக்கு இடமில்லை. டயல் கேஜை ஹப்பில் ஒட்டி வைத்து, விரலால் காயிலைத் தொட்டால் முள் உடனே எழ வேண்டும். அது தூங்கி எழுந்தால் அந்த ஜாயிண்டைத் திரும்பச் செய்யுங்கள்.

அடுத்தது பேலன்சிங். இதில் சமரசமே வேண்டாம். 800 ஆர்.பி.எம்.மில் தண்டு நொடிக்கு 13.3 சுற்று சுற்றும். சாதாரண விசிறியில் அந்த அதிர்வு காதில் விழாது, யாரும் கவலைப்பட மாட்டார்கள். இங்கே 13.3 ஹெர்ட்ஸ் என்பது நாம் எழுப்ப நினைக்கும் ஒலிக்கு நட்டநடுவில் இருக்கிறது. பேலன்ஸ் தவறினால் யானை பேசாதபோதும் அறை பேசிக்கொண்டே இருக்கும். ஐந்து இறக்கைகளையும் நகைத் தராசில் நிறுத்து ஒரே எடைக்குக் கொண்டுவாருங்கள். எடை சமமானால் மட்டும் போதாது, எடை மையமும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரே கத்தி முனையில் வைத்துப் பாருங்கள். பிறகு ஹப்போடு சேர்த்து டைனமிக் பேலன்சிங் செய்யும் இடத்துக்கு எடுத்துப் போங்கள். விசிறிக்கு வழக்கமாக ஜி 6.3 தரம் கேட்பார்கள். நீங்கள் ஜி 2.5 கேளுங்கள். இந்த வேகத்தில் அதற்கு மையம் 0.03 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இரண்டு கிலோ ரோட்டர் என்றால், 60 மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு கிராம் கூடினாலோ குறைந்தாலோ அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

இறக்கைக்கு மெல்லிய பிளைவுட் மேல் எஃப்.ஆர்.பி. போட்டேன். லேசாகவும் முறுக்கினால் திருகாமலும் இருக்க வேண்டும். திரும்பும் அச்சை அகலத்தின் நடுவில் வைக்காதீர்கள். முன் விளிம்பிலிருந்து கால் பங்கு தூரத்தில் வைத்து, முன் விளிம்பில் சிறிது எடை சேர்த்து எடை மையத்தை அச்சுக்கே கொண்டுவாருங்கள். இல்லையென்றால் இறக்கை தானாகவே படபடக்கத் தொடங்கும். 60 கிராம் இறக்கை 800 ஆர்.பி.எம்.மில் தன் வேரை ஐந்தரைக் கிலோ எடைபோல் இழுக்கும், சுற்றும் நேரம் முழுக்க. நைலாக் நட், பின்னால் ஒரு த்ரஸ்ட் பேரிங், இரண்டும் கட்டாயம். முன்னாலும் பின்னாலும் இரும்பு வலை வேண்டும். முதல் ஓட்டத்தின்போது இறக்கைகள் சுற்றும் தளத்தின் நேரே யாரும் நிற்கக் கூடாது, சுற்றிலும் மணல் மூட்டை அடுக்குங்கள்.

மோட்டாருக்கு ஆறு போல் த்ரீ ஃபேஸ், அரை எச்.பி. போதும். சிங்கிள் ஃபேஸ் உள்ளீடு வாங்கும் சின்ன வி.எஃப்.டி. வைத்து 42 ஹெர்ட்ஸ் சுமாருக்கு இறக்கினால் வேகம் சரியாக வரும். கேரியர் ஃப்ரீக்வென்சியை ஏற்றிவைத்தால் மோட்டாரின் கீச்சொலி குறையும். மோட்டாரை நேரடியாக இணைக்காமல் தட்டை பெல்ட் வழியாக ஓட்டினேன். அடிப்பலகைக்குக் கிருஷ்ணகிரி கிரானைட். பாலிஷ் யூனிட்டுகளில் ஓரம் வெட்டிப் போட்ட துண்டுகள் குவிந்து கிடக்கும். 60-க்கு 45 சென்டிமீட்டரில் 5 சென்டிமீட்டர் தடிமனான துண்டு ஏறத்தாழ 36 கிலோ வரும். வார்ப்பிரும்பு பெட்டுக்கு வாங்கும் காசில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

இப்போது கொத்தனார். இந்த விசிறிக்குப் பெட்டி கிடையாது, சுவரே பெட்டி. முன்பக்கம் கேட்கும் அறை, பின்பக்கம் வேறொரு பெரிய இடம். அமெரிக்கர்கள் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள அட்டிக்கைப் பின்பக்கமாகப் பயன்படுத்துகிறார்கள். நம்மிடம் தளம் போட்ட வீடு, அட்டிக் ஏது? நான் பக்கத்து கோடவுன் சுவரைத் திறந்தேன். ஒரு விதத்தில் நமக்கு அவர்களைவிட நல்ல காலம்: மரச் சட்டமும் ஜிப்சம் பலகையுமான அவர்கள் சுவர் அழுத்தத்தில் வளைந்து கொடுக்கும், செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அசையாது. ஆனால் நம் வீடு ஒழுகும். வென்டிலேட்டர், ஜன்னல் இடுக்கு, கதவுக்கு அடியில் ஒரு விரல் சந்து. 90 சென்டிமீட்டர் கதவுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி என்றால் 90 சதுர சென்டிமீட்டர் ஓட்டை. 5 ஹெர்ட்ஸ் அதன் வழியே நடந்து போய்விடும். பழைய பஸ் கதவின் ரப்பர் பீடிங் இதற்கு மிகவும் பொருத்தம், ஸ்கிராப் கடைகளில் கிடைக்கும். கோடவுன் பக்கம் வெளியே ஒழுகினால் கவலையில்லை. அறைக்கும் கோடவுனுக்கும் நடுவில் கதவு இருந்தால் மட்டும் அதை முதலில் அடையுங்கள். முன்னும் பின்னும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் வழி அது.

இறக்கைகள் உண்மையிலேயே தட்டையாக நிற்கின்றனவா என்று பார்க்க ஊதுபத்தி போதும். சிக்னல் இல்லாமல் விசிறியை ஓட்டி, வலைக்கு ஒரு சாண் தள்ளிப் பத்தியைப் பிடியுங்கள். புகை ஒரு பக்கம் சாய்ந்தால் லிங்க் நீளத்தை அரைச் சுற்று மாற்றுங்கள். நேராக எழும்பி, லேசாக நடுங்கினால் சரி.

எலக்ட்ரானிக்ஸ் பற்றி இரண்டு விஷயம்தான். வாட்ஸ் அதிகம் தேவையில்லை. காற்றைத் தள்ளுவது மோட்டார், ஆம்ப்ளிஃபயர் இறக்கையைத் திருப்புகிறது, அவ்வளவே. ஆனால் சப்ஊஃபருக்கென்று விற்கும் ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலும் ஸ்பீக்கரைக் காப்பாற்ற 20 ஹெர்ட்ஸ் அருகே ஃபில்டர் வைத்திருக்கும், நமக்கு வேண்டியதையே அது வெட்டிவிடும். டி.சி. வரை செல்லும் ஆம்ப்ளிஃபயர் வேண்டும், அல்லது கப்ளிங் கபாசிட்டர் பெரிதாக வேண்டும். மேல்பக்கம் 20, 25 ஹெர்ட்ஸில் நிறுத்திவிட்டு மிச்சத்தைச் சாதாரண ஊஃபரிடம் கொடுங்கள். அளப்பதற்குப் போன் மைக்கை நம்பாதீர்கள். வேகமாக ரீடிங் எடுக்கும் பாரோமீட்டர் சென்சாரை ஒரு சின்ன போர்டில் மாட்டினால் பாஸ்கல் கணக்கிலேயே படம் கிடைக்கும்.

ஓடத் தொடங்கியதும் ஒரு மாலை முழுவதையும் கிடுகிடுப்பு தேடுவதற்கு ஒதுக்குங்கள். சைன் அலையை மெதுவாக ஏற்றிக்கொண்டே போய், எது சத்தம் போடுகிறதோ அதை விரலால் அழுத்திப் பாருங்கள். எங்கள் கோடவுனின் ரோலிங் ஷட்டர் 11 ஹெர்ட்ஸில் பட்டை பட்டையாகச் சிலிர்த்தது. காலண்டர், சுவிட்ச் போர்டு மூடி, ஜன்னல் கொக்கி என்று அடுத்தடுத்து எழும். இவற்றை அடக்கும்வரை நீங்கள் கேட்பது பாஸ் இல்லை, வீட்டுச் சாமான்.

அதிக அளவில் நெடுநேரம் ஓட்டாதீர்கள். காது அடைப்பும் குமட்டலும் சிலருக்கு வரும். காட்டோரத்தில் வீடு உள்ளவர்கள் யானைக் குரலை வெளியே விட்டு விளையாட வேண்டாம், அது கிலோமீட்டர் கணக்கில் போகும் பேச்சு.

கடைசியாக, ஆன் ஆஃப் வரிசை. சுற்றும் இறக்கை தன் சுழற்சியாலேயே தட்டையான நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் பாதியானால் அது கால் பங்காகிவிடும், அதே சிக்னலில் இறக்கை எல்லை வரை போய் மோதும். அதனால் விசிறி முழு வேகம் எடுத்த பிறகே சிக்னல். நிறுத்தும்போது சிக்னலை முதலில் அணைத்து, பிறகு விசிறி. நம் ஊரில் கரண்ட் சொல்லிவிட்டுப் போகாது. ஆம்ப்ளிஃபயர் யு.பி.எஸ்.ஸில் இருந்து, மோட்டார் அதில் இல்லாவிட்டால், சிக்னல் ஓடிக்கொண்டிருக்கும்போதே விசிறி தளரும். வி.எஃப்.டி.யில் வேகம் குறைந்தால் திறக்கும் ரிலே இருக்கும். அதன் இரண்டு ஒயர்களை ஆம்ப்ளிஃபயரின் மியூட்டுக்கு இழுத்துவிடுங்கள்.