தோப்புப் புல்லுக்கு எந்த மெஷின்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களிடம் மழைக்காலம் முடிந்து பேசினால், பேச்சு தேங்காய் விலையில் தொடங்கிப் புல்லில் வந்து நிற்கும். ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுபடியாவதில்லை. பத்து ஏக்கர் தோப்பில் இடுப்பளவு புல் நிற்கும்போது, ஏதாவது ஒரு மெஷினை வாங்கிப் போட்டுவிடலாம் என்ற அவசரம் வருவது இயல்பு. அந்த அவசரத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னதும் கடைக்காரர் சொன்னதுமே முடிவாகிவிடுகிறது. பொருந்தாத மெஷின் கொட்டகையில் துருப்பிடித்தால் பணம் மட்டும்தான் போகும். பொருந்தாததை வருடக்கணக்கில் ஓட்டினால் மண்ணும் மரமும் சேர்ந்து கெடும். அதனால்தான் ஊரில் வழங்கும் சில நம்பிக்கைகளைச் சரிபார்த்துவிட வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: ரோட்டாவேட்டர் இருக்கும்போது புல்லுக்கென்று தனி மெஷின் எதற்கு?

தோப்புகளுக்கு அதிகக் கேடு செய்யும் நம்பிக்கை இதுதான். ரோட்டாவேட்டர் மண்ணைக் கிளறும் கருவி. ஓட்டி முடித்த அன்று தோப்பு பளிச்சென்று இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அருகம்புல்லும் கோரையும் விதையை மட்டும் நம்பிப் பிழைப்பவை அல்ல. அருகு கணுவுக்குக் கணு வேர்விடும். கத்தியில் துண்டாகும் ஒவ்வொரு கணுவும் ஒரு புதுச் செடி. கோரைக்கு மண்ணுக்குள் கிழங்குகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். சங்கிலி அறுந்தால் ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியே முளைவிடும். ஏதோ ஒரு மூலையில் இருந்த கோரையைத் தோப்பு முழுக்க நட்டுக் கொடுத்த வேலையைத்தான் நாம் ‘சுத்தம் செய்தோம்’ என்கிறோம்.

மண்ணின் கதை இன்னும் மோசம். ரோட்டாவேட்டர் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு அங்குல ஆழத்தில்தான் ஓடும். ஒரே ஆழத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினால் மேல் மண் மாவாகிறது. அதற்குக் கீழே ஒரு இறுக்கமான தட்டு உருவாகிறது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல், அந்த மாவு மண்ணையும் இழுத்துக்கொண்டு சரிவில் ஓடுகிறது. தென்னையின் வேர்களில் பெரும்பகுதி தூரிலிருந்து சுமார் இரண்டு மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. தூரை ஒட்டி ஓட்டும்போது அவற்றில் மேலாக ஓடுபவை அறுபடுகின்றன. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் என்றே பெயர் பெற்ற அடித்தண்டழுகல் நோய் மண் வழியாகப் பரவும் பூசணத்தால் வருவது. அந்த நோய் தெரிந்த தோப்பில் உழவு போடக்கூடாது என்று வேளாண் துறையினர் சொல்வதன் காரணம் இப்போது புரியும்.

ரோட்டாவேட்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை. சணப்பு, கொளுஞ்சி விதைத்து மடக்கி உழவும், ஊடுபயிருக்கு நிலம் தயார் செய்யவும் அது தேவைதான். புல்லுக்காக மாதாமாதம் ஓட்டுவதைத்தான் நிறுத்த வேண்டும்.

இதற்கு அடியில் இன்னொரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: தரை தெரிந்தால்தான் தோப்பு சுத்தம், புல் நின்றால் சோம்பேறியின் தோப்பு என்ற ஊர்ப்பேச்சு. இந்தப் பேச்சுக்குப் பயந்தே பலர் மண்ணைக் கெடுக்கிறார்கள். வேண்டியது வெறும் தரை அல்ல. வெட்டின புல் அங்கேயே கிடந்து மூடாக்காக மட்க வேண்டும், வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், காய் பொறுக்க வருபவர் கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்த மூன்றையும் தருவது புல்லை மண்ணுக்கு மேலே வெட்டும் மெஷின்தான்.

நம்பிக்கை: பெரிய டிராக்டர், அகலமான ஸ்லாஷர் வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும்.

டிராக்டர் பின்னால் மாட்டும் ஸ்லாஷர் பத்து ஏக்கருக்கு நல்ல தேர்வு. ஆனால் அகலத்தைக் கடையில் நின்று முடிவு செய்யக்கூடாது, தோப்பில் டேப் பிடித்து அளக்க வேண்டும். 25 அடிக்கு 25 அடி நட்ட தோப்பு, ஒவ்வொரு மரத்தையும் சுற்றி ஆறு அடி ஆரத்தில் வட்டப்பாத்தி என்றால், இரண்டு வரிசைக்கு நடுவே டிராக்டர் ஓட 13 அடிதான் மிச்சம். ஒவ்வொரு நடைக்கும் அரை அடி மேல்படிய ஓட்டினால் நான்கு அடி ஸ்லாஷருக்கு நான்கு நடை. ஐந்து அடிக்கு மூன்று நடை. ஆறு அடி வாங்கினாலும் அதே மூன்று நடைதான்! ஏழு அடிக்குப் போனால்தான் இரண்டு நடையில் முடியும். ஐந்தடிக்குப் பதில் ஆறடி வாங்கியவர் அந்தத் தோப்பில் கூடுதல் பணத்துக்கு ஒரு நடைகூட மிச்சம் பிடிக்கவில்லை.

குதிரைத்திறன் கணக்கும் இதோடு ஒட்டியது. ஸ்லாஷரின் ஒரு அடி அகலத்துக்கு, டிராக்டரின் பின்னால் கருவியைச் சுழற்றும் தண்டான பி.டி.ஓ.வில் சுமார் 5 எச்.பி. வேண்டும் என்பது பொதுவான கணக்கு. என்ஜின் சக்தியில் ஏறக்குறைய 85 சதவீதம்தான் பி.டி.ஓ.வுக்கு வந்து சேரும். ஆக, 25 எச்.பி. மினி டிராக்டருக்கு நான்கு அடி, 45 எச்.பி.க்கு ஏழு அடி. இளந்தோப்பில் மட்டைகள் தாழ்ந்து தொங்குவதால் மினி டிராக்டரே நுழையும். பெரிய டிராக்டர் இரண்டு டன் எடையோடு ஈரமண்ணில் இறங்கினால் ரோட்டாவேட்டர் செய்த அதே இறுக்கத்தைச் சக்கரம் செய்துவிடும். மழை விட்டு மண் காலில் ஒட்டாத பிறகு ஓட்டுங்கள்.

ஐந்து அடி ஸ்லாஷர் மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் போனால், திருப்பங்களுக்கான நேரத்தைக் கழித்து, ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கருக்குச் சற்று அதிகமாக முடியும். பண்ணை வீட்டு முன் புல்தரைக்கு வாங்கும் 21 அங்குலத் தள்ளுமெஷினில் அதே நேரத்தில் முப்பது சென்ட் முடிவதே பெரிது. அதை வீட்டு முற்றத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: கல் இருக்கிற நிலத்தில் ஸ்லாஷர் ஓட்டவே முடியாது.

ஸ்லாஷரைத் தூக்கி நிறுத்தி அடியில் பாருங்கள். நடுத்தண்டில் ஒரு வட்டத் தட்டு அல்லது பட்டை. அதன் இரு முனையிலும் ஒவ்வொரு கத்தி, ஒற்றைப் போல்ட்டில் தொங்கும். சுழலும் விசையில் கத்தி விறைத்து நிற்கும். கல்லில் பட்டால் பின்னால் மடங்கிக்கொள்ளும். ஆகவே சிறு கல்லுக்கு அது தாங்கும். தாங்காதது வேறு. பழைய சொட்டுநீர் டியூப், தேங்காய் கட்டின நைலான் கயிறு, மட்டை நார் ஆகியவை தண்டில் சுற்றி, உராய்ந்து சூடேறி, ஆயில் சீலை அறுத்துவிடும். கியர் பாக்ஸ் எண்ணெய் சொட்டுச் சொட்டாக வெளியேறுவது யார் கண்ணிலும் படாது. பல்சக்கரம் தேய்ந்து சத்தம் வரும்போதுதான் தெரியும். ஓட்டுவதற்கு முன் மட்டை பொறுக்கி, சொட்டுநீர் லேட்டரல் பைப்பை மரத்தோரம் ஒதுக்குவது; ஓட்டிய பின் அடியில் சுற்றியிருப்பதை அறுத்தெடுப்பது: மெஷினின் ஆயுள் இந்த இரண்டு வேலையில்தான் இருக்கிறது.

பாதையோரம், வீட்டோரம் என்று ஆள் நடமாடும் இடம் அதிகமென்றால் ஃப்ளெயில் மோவர் நல்லது. படுக்கைத் தண்டில் வரிசையாகத் தொங்கும் சிறு கத்திகள் புல்லைப் பொடியாக்கும்; கல் தெறிப்பும் குறைவு. ஆனால் அதே அகலத்துக்கு அதிக சக்தி கேட்கும், விலையும் கூடுதல். மாட்டுக்குத் தீவனமாகப் புல் வேண்டுமென்றால் இரண்டுமே சரிவராது. கத்தரிபோல் பல்கத்தி முன்னும் பின்னும் ஓடும் கட்டர் பார் வகைதான் புல்லை முழு நீளத்துக்கு வெட்டிப் படுக்கவைக்கும்.

நம்பிக்கை: ஒரு பிரஷ் கட்டர் போதும், எல்லா இடத்துக்கும் போகும்.

போகும். அதனால்தான் டிராக்டர் வைத்திருப்பவருக்கும் அது தேவை: வரப்பு, வாய்க்கால் ஓரம், வேலி, மரத்தடி. பத்து ஏக்கரையும் அதிலேயே முடிக்கலாம் என்பதுதான் தவறு. தோளில் மாட்டி நாள் முழுக்க வீசுபவரின் கையிலும் இடுப்பிலும் அந்த அதிர்வு ஏறும். ஒரு கோடி முடிவதற்குள் மறுகோடி வளர்ந்துவிடும்.

நைலான் கயிறு மெல்லியது, மரத்தை ஒன்றும் செய்யாது என்றும் நினைக்கிறார்கள். தென்னங்கன்றின் அடியில் அந்தக் கயிறு பட்டால் இளந்தண்டு கீறிக் காயமாகும். சிவப்புக் கூன்வண்டு முட்டையிடத் தேடுவது இப்படிப்பட்ட காயங்களைத்தான். கன்றைச் சுற்றி இரண்டு அடியை அரிவாளுக்கு விட்டுவிடுங்கள். கயிறு பசும்புல்லுக்கு, மூன்று முனைத் தகடு முற்றின புல்லுக்கும் பார்த்தீனியத்துக்கும், ரம்பப்பல் வட்டத் தகடு குச்சியான புதருக்கு. பத்து அங்குலத் தகடு நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் ஓடுகிறது. அதில் பட்டுத் தெறிக்கும் சரளைக்கல்லுக்குக் கண் தெரியாது. முகக்கவசமும் காலணியும் இல்லாமல் யாரையும் அந்த மெஷினைத் தொட விடாதீர்கள். 15 மீட்டருக்குள் வேறு ஆள் நிற்கக்கூடாது.

நம்பிக்கை: ஒட்ட வெட்டினால் அடுத்த வெட்டு தள்ளிப்போகும்.

ஒட்ட வெட்டினால் கத்தி மண்ணில் தேயும், டீசல் அதிகம் குடிக்கும், வெறும் தரையில் வெயில் படும். அங்கே முதலில் முளைப்பது பார்த்தீனியம். மூன்று, நான்கு அங்குலம் நிற்கட்டும். வெட்டும் உயரத்தைவிட வெட்டும் நாள்தான் முக்கியம்: பூவெடுப்பதற்கு முன் வெட்ட வேண்டும். ஒரு பார்த்தீனியச் செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். விதை உதிர்ந்த பின் ஓட்டும் மெஷின் அதைத் தோப்பெங்கும் தூவிவிடும். வெட்டின தூரிலிருந்தும் பார்த்தீனியம் துளிர்ப்பதால், சிறு கூட்டமாக இருந்தால் மழை ஈரத்தில் கையுறை போட்டு வேரோடு பிடுங்குவதே மேல்.

ஆடு மாடு விட்டால் மெஷினே வேண்டாம் என்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: வளர்ந்த தோப்பில் மேயவிடுவது நல்ல வழக்கம், எருவும் கிடைக்கும். ஆனால் ஆடு கன்றுகளைக் கடிக்கும். பார்த்தீனியத்தை மாடு பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு மற்றதைத் தின்பதால், கடைசியில் பார்த்தீனியம் மட்டும் நிற்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு பருவம் வாடகைக்கு எடுத்து உங்கள் தோப்பில் ஓட்டிப் பாருங்கள். வாங்குவதென்றால் வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள். மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு, மானியம் உண்டு. விண்ணப்பிக்கும் முன் நீங்கள் கேட்கும் மெஷின் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கத்தி, போல்ட், ஆயில் சீல் உங்கள் ஊரில் கிடைக்குமா என்பதையும் பணம் கட்டும் முன்பே விசாரியுங்கள்.

பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது சுற்று சுற்றுகிறது. வேட்டி முனையோ துண்டோ அதில் சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமிருக்காது. ஷாஃப்ட்டின் மேல் பிளாஸ்டிக் உறை இல்லாத மெஷினை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், உங்கள் தோப்புக்குள் விடாதீர்கள்.