செறிப்பும் உதிர்ப்பும்: மீண்டும் தேர்வெழுதும் மாணவர்க்கு ஒரு பாடம்

மருத்துவப் படிப்பிற்கான ‘நீட்’ தேர்வின் முடிவு வெளியாகும் நாளில், மதிப்பெண் குறைந்த பிள்ளையின் இல்லத்தில் இருவகைப் பேச்சு எழுவதுண்டு. ‘ஒழுங்காகப் படிக்கவில்லை’ என்பது ஒன்று. ‘ஞானாவரணீய கர்மத்தின் உதயம், நாம் என்ன செய்ய இயலும்?’ என்பது மற்றொன்று. முன்னது பிள்ளையைப் புண்படுத்துகிறது. பின்னது நம் நெறியையே பிழைபடக் கூறுகிறது.

வினை என்பது மாற்ற இயலாத தலையெழுத்தன்று. அது உயிரினிடம் வந்து சேரும் வாயில் உண்டு. அவ்வாயிலை அடைக்கும் முறை உண்டு. சேர்ந்ததைக் கழிக்கும் முயற்சியும் உண்டு. இவற்றை ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு எனத் தமிழ்ச் சமணர் வழங்கினர். ஓட்டை விழுந்த ஓடத்தில் முதலில் ஓட்டையை அடைத்தல் வேண்டும்; பின்னரே உள்ளே தேங்கிய நீரை இறைத்தல் வேண்டும். வரிசை மாறினால் உழைப்பு வீணாகும். மீண்டும் தேர்வெழுதுவோர்க்கும் இவ்வரிசையே வழிகாட்டும்.

1. பிழையை ஆராய்தல்

சில நாட்கள் வருந்துவது இயல்பு. ஆயின் இழந்ததையே இடையறாது எண்ணிக் கலங்குவதை ஆர்த்தத் தியானம் எனத் தீய தியானங்களுள் வைத்தனர் ஆன்றோர். அதினின்று மீள, நேர்ந்த பிழைகளை அமைதியுடன் எண்ணிப் பார்க்கும் பிரதிக்கிரமணம் துணை செய்யும். வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் எதிரே வைத்து, தவறிய விடைகளை மூன்றாகப் பகுத்திடுக: அறிந்திருந்தும் கவனக்குறைவால் தவறியவை, படித்தும் மறந்தவை, படிக்காமலே விட்டவை.

2025ஆம் ஆண்டுத் தேர்வில் 180 வினாக்கள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்பட்டது. ஒருவர் 110 வினாக்களுக்குச் சரியாகவும் 60 வினாக்களுக்குத் தவறாகவும் விடையளித்து, 10 வினாக்களை விட்டுவிட்டார் எனக் கொள்வோம். அவர் பெறுவது 440இல் 60 போக 380. அந்த 60இல் 15 விடைகள் கவனக்குறைவால் தவறியவை எனில், அவற்றை மட்டும் திருத்தினாலே 455 ஆகிவிடும். ஏனெனில் அறிந்த வினா ஒன்று தவறும்போது வரவேண்டிய 4 போவதோடு கையிலுள்ள 1ம் போகிறது. புதிய பாடம் ஒன்றும் படியாமலே 75 மதிப்பெண்! இதுவே ஓடத்தின் ஓட்டை.

2. செறிப்பு

‘தவறான கூற்று எது?’ என்னும் வினாவில் ‘தவறான’ என்ற சொல்லை அடிக்கோடிடுக. கணக்குகளில் அலகினை எழுதாமல் அடுத்த வரிக்குச் செல்லற்க. வாரம் ஒரு முழு மாதிரித் தேர்வை, உண்மைத் தேர்வு நடைபெற்ற பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரையிலேயே எழுதுக. உண்டபின் வரும் சோர்வை வெல்லவும் பயிற்சி வேண்டும். ஒவ்வொரு தேர்விலும் நேர்ந்த கவனப் பிழைகளின் எண்ணிக்கையைக் குறித்து வருக. அது குறைவதே முதல் வெற்றி.

3. உதிர்ப்பு

மறந்தவற்றையும் படியாதவற்றையும் சிறிது சிறிதாகக் கழித்தல் இரண்டாம் பணி. முனிவர் ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாஸ்ய காலத்தில், மாணவரும் பல நூல்களை நாடி அலையாமல் பாடநூல்களிலேயே தங்குக. மகாவீரர் நிர்வாண நாளுக்குள் ஒரு சுற்று முடியட்டும். தைக்குள் இரண்டாம் சுற்று. மகாவீரர் ஜெயந்திக்குப் பின் மீள்பார்வை மட்டுமே. வினாக்களில் சரிபாதியான 90 உயிரியலுக்குரியவை என்பதையும் நினைவிற் கொள்க. சாமாயிகத்திற்குரிய இரண்டு நாழிகையாகிய 48 நிமிடத்தையே படிப்பின் ஓர் அளவாகக் கொண்டு, இடையில் சற்று ஓய்வு கொள்ளலாம். உறக்கத்தைத் துறப்பது தவமன்று, மறதியை வளர்ப்பதேயாகும்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

மீண்டும் எழுதுவதா என்பதைப் பிள்ளையே அமைதியாக எண்ணி முடிவு செய்யட்டும். வேளாண்மை, மருந்தியல் போன்ற படிப்புகளும் உயிர்களுக்குப் பயன்படுவனவே. பிறர் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கூறும் சொல்லும் இம்சையே. அகிம்சை நாவிலும் வேண்டும். பிள்ளை உணவையும் பேச்சையும் தவிர்த்துத் தனித்திருப்பின் அருகில் அமர்ந்து பேசுக. தேவையெனில் 14416 என்னும் அரசின் இலவச மனநல உதவி எண்ணை அழைக்கத் தயங்கற்க.

மதிப்பெண் என்பது ஒரு நாளின் மூன்று மணி நேரத்தை அளந்த அளவு. உயிரின் இயல்போ எல்லையற்ற அறிவு என்பது நம் கொள்கை. மறைக்கும் திரை எத்துணைத் தடித்ததாயினும், விலக்குவது நம் முயற்சியே.

அறம் வெல்க!