எள்ளளவு இரைப்பை எதற்கு?

கேள்வி: எனக்கு நெடுநாள் கேஸ்ட்ரிக். வயிற்றில் கிருமி என்கிறார் டாக்டர். ஆய்வகத்தில் இரைப்பையையே வளர்க்கிறார்களாமே, அதனால் என்ன பயன்?
– வாசகி, ஸ்கூடாய், ஜொகூர்

பதில்: முழு இரைப்பை அல்ல, சில மில்லிமீட்டர் திசு உருண்டைதான். 2014இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜேம்ஸ் வெல்ஸ் குழுவினர் மனிதக் குருத்தணுக்களிலிருந்து சுமார் ஒரு மாதத்தில் அதை வளர்த்தெடுத்தார்கள். நடுவே குழி, சுற்றிலும் சளி சுரக்கும் மடிப்புச் சுவர். அந்தக் குழிக்குள் ஊசியால் ஹெலிகோபேக்டர் பைலோரியைச் செலுத்தினார்கள். உங்கள் டாக்டர் சொன்னதும் அநேகமாக அந்தக் கிருமிதான். 24 மணி நேரத்துக்குள் அது சுவரில் ஒட்டிக்கொண்டு செல்களைப் பெருகத் தூண்டியது. எலியை வைத்து இதை இவ்வளவு சரியாக அறிய முடியாது. அதன் இரைப்பை வேறு மாதிரி.

மலேசியாவில் இந்தக் கிருமி இந்தியர்களிடம் அதிகம், மலாய்க்காரர்களிடம் குறைவு. இரைப்பைப் புற்றுநோயோ சீனர்களிடம்தான் அதிகம்! கிருமியின் ரகமா, உணவா, மரபணுவா? நம்மவர் திசுவையும் வளர்த்துச் சோதிக்க வேண்டும் என்பது என் ஆசை. ரத்தக் குழாயோ எதிர்ப்பு அணுக்களோ இல்லாத உருண்டை முழு விடையும் தராதுதான்.

கிருமிக்கு டாக்டர் தரும் மாத்திரையை நீங்கள் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். முடித்த பிறகு, கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனை செய்யச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.