வாய்க்காலுக்கு வடக்கே

மதுரை,
தை 25.

அன்புள்ள மருமகனுக்கு அத்தை எழுதிக்கொள்வது. இங்கே நலம். முழங்கால் மட்டும் பழைய மாதிரிதான்.

போனில் பேசினால் "சரிங்கத்தே, சரிங்கத்தே" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். முதலில் ஒன்று கேட்கிறேன். புதுப்பட்டியிலிருந்து பங்காளி என்று சொல்லிப் பேசினாரே, அவருக்குப் பணம் அனுப்பிவிட்டாயா? இல்லை என்றால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிறவரை அனுப்பாதே. ஐம்பதாயிரம் ரூபாய் சேர்க்க உன் அப்பன் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் எத்தனை மாசம் குளிரில் நின்றான் என்று அவனையே கேட்டுப் பார்.

பெண் வீட்டில் நடந்ததை உன் அம்மா அழுதுகொண்டே சொன்னாள். சொந்த ஊர் எது என்று கேட்டார்களாம், கோத்தகிரி என்றாயாம். அதுக்கு முன்னாடி என்றார்களாம், சிலோன் என்றாயாம். அதோடு பேச்சு நின்றுபோனதாம். உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும் ராசா. ஆனால் அவர்கள் விசாரித்தது ஊரை அல்ல. இந்த மதுரைச் சீமையில் ஊர்ப் பேரைச் சொன்னால் எந்தத் தெரு என்பார்கள். தெருவைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் அவர்களுக்கு எதுவும் தெரிய வேண்டாம். முப்பத்தோரு வருசம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். பணிக்குச் சேர்ந்த அன்றைக்கே என்னிடம் வந்த முதல் கேள்வியும் அதுதான். அந்த வீட்டாருக்குப் பதில் சொல்வதற்காக இருபது நாள் லீவு போடுகிறாய் என்றால் எனக்குச் சம்மதம் இல்லை. உன் பூட்டனும் பூட்டியும் பிறந்த மண்ணைப் பார்க்க வேண்டும் என்று வருகிறாய் என்றால் தாராளமாக வா. முடிவு உன்னுடையது, நான் குறுக்கே நிற்கவில்லை.

எச்சிலைக் குப்பியில் அனுப்பி வாங்கின டி.என்.ஏ. அறிக்கையை ஒதுக்கி வை. தென்னிந்தியா என்பதோடு அது நின்றுவிடுகிறது. தாலுகாவைச் சொல்ல அதால் முடியாது.

உன்னிடம் இருக்கிற ஒரே காகிதம் 1971 குடும்ப அட்டையின் போட்டோ. 'புதுப்பட்டி, மதுரை ஜில்லா' என்று இருப்பதைப் பார்த்துத்தானே கிளம்பினாய்? அது அங்கே ஏறிய விதத்தை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது, வரிசையில் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா பிறந்தது பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில், லயத்துக் காம்பராவில். அந்த நாள் வரைக்கும் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பூர்வீகம் என்று கேட்டதும், தன் தகப்பன் வாயில் கேட்டிருந்த பேரைச் சொன்னார். தாலுகா என்றதும் விழித்தார். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அவ்வளவுதான் அந்தக் காகிதத்தின் பலம்.

புதுப்பட்டி என்ற பேரில் எத்தனை ஊர் இருக்கிறது என்று உனக்கே தெரியும். பழைய ஊரில் தண்ணீர் வற்றினாலோ சண்டை வந்தாலோ பத்துக் குடும்பம் தள்ளிப் போய்க் குடிசை போட்டால் அதுவும் ஒரு புதுப்பட்டிதான். ஜில்லாவாவது உதவும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. உன் பூட்டன் பிறந்த காலத்து மதுரை ஜில்லா இன்றைய மாவட்டம் அல்ல. ராமநாதபுரம் தனி ஜில்லாவானது 1910ல். அதுவரைக்கும் ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்கள் எல்லாம் மதுரைக்குள்தான். திண்டுக்கல் பிரிந்தது 1985ல், தேனி 1996ல். பழனி மலையடிவாரத்தில் பிறந்தவரும் மதுரை ஜில்லாதான், பரமக்குடிப் பக்கம் பிறந்தவரும் மதுரை ஜில்லாதான். இன்றைய வரைபடத்தை வைத்துத் தேடாதே.

தென்னாப்பிரிக்காவிலிருந்து ஊர் தேடி வந்த டர்பன் பெரியவரை நினைவிருக்கிறதா? நம் வீட்டில் மூன்று நாள் சாப்பிட்டாரே. அவர் கையில் கப்பல் பட்டியலின் நகல் இருந்தது. நேட்டாலுக்குப் போனவர்களுக்கு அது ஒரு பாக்கியம். 1860 நவம்பர் 16ல் டர்பனில் ஆட்களை இறக்கிய ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரைக்கும் 1,52,184 பேரைக் கொண்டுபோனார்கள். ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, தகப்பன் பேர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருக்கிற தழும்பு வரைக்கும் எழுதினார்கள். மொரீஷியஸுக்குப் போனவர்களின் பதிவுகளை அங்கே மோகா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் போட்டோவோடு வைத்திருக்கிறார்கள். பட்டியல் இருந்துமே டர்பன் பெரியவருக்கு ஊர் சுலபமாகக் கிடைக்கவில்லை. கேட்டதைக் கேட்டபடி இங்கிலீஷில் எழுதினவனுக்கு ழகரமும் ளகரமும் ஒன்றுதான். பெரியார் பஸ் நிலையத்தில் நின்று அந்தப் பேரை ஏழெட்டு விதமாகக் கண்டக்டர்களிடம் சத்தமாகப் படித்துக் காட்டினோம். ஒருவர் முகம் மலர்ந்து, "அது எங்க ரூட்ல இருக்கும்மா" என்றார். சிவகங்கைப் பக்கம். அங்கே அவருடைய சொந்தம் என்று யாரும் இல்லை. கண்மாய்க் கரையில் ஒரு கைப்பிடி மண் எடுத்து வேட்டித் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார். பணம் கேட்க அங்கே ஒருவரும் இல்லை என்பதைக் கவனி.

நமக்கு அந்தப் பட்டியல் கிடையாது. கரும்புக்குக் கடல் தாண்டிப் போனவர்களிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள். தேயிலைக்குப் பக்கத்துத் தீவுக்குப் போனவர்களைக் கங்காணி கூட்டிப்போனான். அவனே ஊர்க்காரன், அவனே கடன் கொடுத்தவன். அவன் கணக்கில் இருந்தது கடன்தான், ஊர் இல்லை. அந்தக் கடனை எழுதின துண்டுச் சீட்டு முறையை 1921ல்தான் ஒழித்தார்கள். 1901லிருந்து கழுத்தில் கட்டிவிட்ட தகர வில்லையைப் பற்றியும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அதில் அடித்திருந்தது போய்ச் சேர வேண்டிய தோட்டத்தின் எண். வழியில் ஆள் தவறிப்போனால் எங்கே கொண்டுபோய் ஒப்படைப்பது என்பது அதில் இருந்தது. எங்கிருந்து வந்தான் என்பது இல்லை. பாம்பன் பாலம் வந்தது 1914ல். ஐந்தாறு வருசம் கழித்து உன் பூட்டன் அந்த வழியாகத்தான் போனார், மண்டபம் முகாமில் நிறுத்தி உடம்பைச் சோதித்து அனுப்பினார்கள். சாஸ்திரியும் சிரிமாவோவும் 1964 அக்டோபரில் கையெழுத்துப் போட்டு ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதின பிறகு, ராமானுஜம் கப்பலில் நாங்கள் திரும்பி வந்து நின்றதும் அதே மண்டபம் முகாமில்தான்.

இனி அந்தப் புதுப்பட்டிக்கு வருகிறேன். இதை உன் அப்பன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்கு அப்போது ஏழு வயது, பாதி தூக்கத்தில் இருந்தான்.

யாரிடம் விசாரித்தாரோ தெரியாது, முகாமிலிருந்து அப்பா எங்களை நேராகத் திருமங்கலம் பக்கம் கூட்டிப்போனார். பஸ்ஸை விட்டு இறங்கிக் கரிசல் காட்டில் நடந்தோம். என் செருப்பில் மண் அப்பி அப்பிக் காலைத் தூக்க முடியவில்லை. தாத்தாவின் அண்ணன் பேரன்கள் இருந்தார்கள். தாத்தா பேர் தெரிந்திருந்தது. அவருக்கு இரண்டு ஏக்கர் புஞ்சை உண்டு என்பதும் அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் திண்ணையில் உட்காரச் சொல்லவில்லை. "சிலோன்லேர்ந்து இப்படிப் பேப்பரத் தூக்கிக்கிட்டு எத்தனையோ பேர் வர்றாங்க" என்று ஒருவர் சொன்னார். நாங்கள் நிலம் கேட்கவில்லை மருமகனே. அப்பா கேட்டது கொஞ்ச நாள் தங்க ஒரு இடம், அவ்வளவுதான். இரண்டு ராத்திரி சாவடியில் படுத்தோம். ஒரு அம்மா மட்டும் இருட்டின பிறகு யாருக்கும் தெரியாமல் ஒரு தூக்கில் கம்பங்கூழ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவள் யார் வீடு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் அப்பா மதுரைக்குக் கூட்டிவந்து கீழமாசி வீதியில் மூட்டை தூக்கினார். அதன் பிறகு சாகிறவரைக்கும் அந்த ஊர்ப் பேரை அவர் வாயால் சொல்லி நான் கேட்கவில்லை.

இப்போது அதே ஊரிலிருந்து கோயில் கோபுரத்துக்கு உன்னை வரிக்காரனாகச் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார்கள். ஐம்பத்து நாலு வருசம் கழித்துப் பங்காளி என்கிறார்கள். பேசினவர் அந்த வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம், நல்லவராகவும் இருக்கலாம். தாத்தன் செய்ததற்குப் பேரனை நான் பழி சொல்லவில்லை. ஆனாலும் உன் பெயர் அந்தக் கோபுரத்துக் கல்வெட்டில் ஏறுவதை நினைத்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். நீ பூர்வீக ஊரைத் தேடுகிறேன் என்கிறாய், ஆனால் ஆணைத்தான் தேடுகிறாய். கங்காணி கணக்கில் ஆண், குடும்ப அட்டையில் குடும்பத்தலைவன், பங்காளி வழியில் ஆண். உன் பூட்டியும் ஒரு ஊரில்தானே பிறந்தாள்? அவள் ஊர் ஒரு காகிதத்திலும் இல்லை. எங்கள் அப்பாயி 1969ல் தோட்டத்திலேயே இறந்தாள். பதினோரு வயது வரைக்கும் அவள் பக்கத்தில் கம்பளிக்குள் படுத்துத் தூங்கினவள் நான். ஊர்ப் பேரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அவளும் "எங்க ஊரு" என்றுதான் சொல்லுவாள். அதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

ஆனால் பேரைத் தவிர எல்லாம் சொல்லியிருக்கிறாள். சித்திரையில் அழகர் தங்கள் ஊர் வாசல் வழியாகத்தான் மதுரைக்குப் போவார், வைகையில் இறங்கிவிட்டுத் திரும்பி மலைக்குப் போகும்போது தங்கள் ஆட்கள் பானகம் கரைத்து ஊற்றுவார்கள் என்பாள். வாசலில் நின்றால் மலை வடக்கே நீளமாகப் படுத்துக் கிடக்கும் என்பாள். சாமி பதினெட்டாம்படிக் கருப்பு. அங்கிருந்து எடுத்துப்போன பிடிமண்ணை வைத்துத்தான் தோட்டத்துப் பதினோராம் நம்பர் மலையில் கல் நட்டுக் கும்பிட்டோம். இன்னொன்றும் சொல்வாள். பெரியாற்று வாய்க்கால் தங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் ஓடியது, ஆனால் தங்கள் வயலுக்கு ஒரு சொட்டும் வரவில்லை என்பாள். சின்ன வயதில் அது எனக்குக் கதையாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் கள்ளந்திரிப் பாலத்தில் நின்றபோது புரிந்தது. பென்னிகுயிக் கட்டின அணையின் தண்ணீர் 1895லிருந்து அந்தக் கால்வாயில் மேலூர்ப் பக்கம் ஓடுகிறது. மலைச்சரிவை ஒட்டி வெட்டின கால்வாய் அது. தண்ணீர் பள்ளத்துக்குத்தான் பாயும். தெற்கே இருந்தவன் நெல் போட்டான், வடக்கே மேட்டில் இருந்தவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்பாயி வீடு வடக்கே இருந்திருக்க வேண்டும். கால்வாய்க்கு வடக்கே, மலைக்குத் தெற்கே, அழகர் போகிற சாலை ஓரம். எத்தனை ஊர் இருந்துவிடப் போகிறது? ஒரு கை விரலுக்குள் அடங்கும். இருபது நாள் வேண்டாம், நாலு நாள் போதும்.

போனால் ஆண்களிடம் கேட்காதே. வயதான பொம்பளைகளிடம் கேள், அதுவும் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து. கண்டிக்குக் கட்டிக்கொடுத்தோ கங்காணியோடு போயோ திரும்பி வராத பெண்ணைப் பற்றி அவர்கள் பாட்டி ஏதாவது சொல்லியிருப்பாள். இங்கே சிலோன் முழுவதுமே கண்டிதான் என்பதை மறக்காதே, பதுளை என்றால் தெரியாது. நோட்டை வெளியே எடுக்காதே, போன் கேமராவையும். கேட்டதை வெளியே வந்து எழுதிக்கொள். பணம் என்ற பேச்சே வரக்கூடாது. அப்படியும் அந்தப் புதுப்பட்டிதான் முக்கியம் என்று உனக்குத் தோன்றினால் போய்வா, நான் தடுக்க மாட்டேன், ஆனால் என்னைக் கூப்பிடாதே.

எழுதினதைத் திரும்பப் படித்தேன். உன்னை வகுப்பில் நிறுத்தித் திட்டின மாதிரி இருக்கிறது. மன்னித்துக்கொள் சாமி. இத்தனை பிள்ளைகளில், வந்த ஊர் எது என்று கேட்டவன் நீ ஒருத்தன்தான். உன் தாத்தா இருந்திருந்தால் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியிருப்பார். பெண்ணைப் பற்றிக் கவலையே படாதே, உனக்கென்று ஒருத்தி எங்கேயோ பிறந்து வளர்ந்துகொண்டுதான் இருப்பாள். உன் அப்பனையும் கூட்டிக்கொண்டு சித்திரைக்கு வா. அழகர் திரும்புகிற நாளில் மூன்று பேரும் கள்ளந்திரியில் நிற்போம். நான் வெல்லமும் சுக்கும் எலுமிச்சம்பழமும் வாங்கிப் பானகம் கரைக்கிறேன், நீ ஊற்று. முந்தின நாள் ரொட்டி சுட்டுத் தேங்காய்ச் சம்பல் இடித்து வைக்கிறேன், உனக்கு எத்தனை வேண்டுமோ அத்தனை. உட்கார எனக்கு ஒரு மடக்கு நாற்காலி மட்டும் கொண்டுவா.

பணம் அனுப்பினாயா இல்லையா என்பதை இன்று ராத்திரியே ஒரு வரி எழுது.

அன்புடன்,
அத்தை

பின்குறிப்பு: பூட்டனின் தகர வில்லையை பீரோவிலிருந்து எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். வரும்போது தருகிறேன், இனி அது உன்னிடம் இருக்கட்டும். பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்துவிடாதே, எண் போய்விடும்.